ஒரே வாய்க்கால்காரன்

நான் அரங்கநாதன். பெரம்பலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷமாக இங்கிலீஷ் வாத்தியார். இன்னும் பதினோரு மாதத்தைத் தள்ளிவிட்டால் ஓய்வு. தொண்டை போய்விட்டது, முட்டி போய்விட்டது, பொறுமை எப்போதோ போய்விட்டது. பாடத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் எனக்கு இன்னும் கொஞ்சம் ருசி மிச்சமிருக்கிறது. ஏதாவது ஒரு வார்த்தை மாட்டினால் அது எந்த ஊரிலிருந்து கிளம்பியது, வழியில் யார் யாரோடு சுற்றியது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். பரீட்சைக்கு வராது. அதனாலேயே சொல்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை பிளஸ் ஒன் வகுப்பில் ‘ரைவல்’ மாட்டியது.

“அர்த்தம் என்ன?” என்றேன்.

“எதிரி சார்” என்றார்கள் பாதிப் பேர். “போட்டி போடுறவன் சார்” என்றார்கள் மீதிப் பேர்.

லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை, வாய்க்கால். ‘ரீவாலிஸ்’ என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவன். அவ்வளவுதான். எதிரி என்று அதில் எங்கேயும் இல்லை. ஆனால் வாய்க்கால் ஒன்று, வயல் இரண்டு என்றால் என்ன ஆகும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரே வாய்க்கால்காரர்களுக்குள் தகராறு வந்தால் என்ன செய்வது என்று ரோமாபுரிச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு அந்த ஊர் நாடகக்காரர்கள் அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு போய், ஒரே பெண்ணின் பின்னால் அலையும் இரண்டு ஆண்களுக்கு வைத்தார்கள். இங்கிலீஷுக்கு வந்த புதிதில் கூட்டாளி என்றும் அதற்கு ஒரு பொருள் இருந்தது. கூட நின்று வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறவன். அந்தப் பொருள் செத்துவிட்டது. இப்போது கட்சிக்குக் கட்சி, கம்பெனிக்குக் கம்பெனி, கிரிக்கெட்டுக்குக் கிரிக்கெட். தண்ணீர் வற்றிவிட்டது, சண்டை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன்.

“தமிழ்ல இதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. யாராச்சும் சொல்லுங்க.”

நானே சொன்னேன். “பங்காளி. பங்கு இருக்கிறவன். அவ்ளோதான் அர்த்தம். ஆனா பங்காளின்னு சொன்னாலே உங்க வூட்ல எப்படிச் சொல்றாங்க?”

வகுப்பு சிரித்தது. முன் பெஞ்சில் லாவண்யா எழுந்தாள். “சார், உங்க கிணத்துக் கேஸ் மாதிரியா சார்?”

“உக்காரு” என்றேன். சொல்லிக்கொடுத்த வாய்க்கு இது தேவைதான்.

கேஸ் இதுதான். குரும்பலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே எங்கள் தாத்தாவும் குழந்தைவேலின் தாத்தாவும் சேர்ந்து வெட்டிய கிணறு ஒன்று. அண்ணன் தம்பிகள். மூன்று நாள் அவர்கள் முறை, மூன்று நாள் எங்கள் முறை. எழுத்து ஒன்றும் கிடையாது. இரண்டு தலைமுறை அப்படியே ஓடியது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் குழந்தைவேல் கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் போர் போட்டான். மோட்டார் கனெக்‌ஷனைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். நான் கேட்டேன். அவன் கத்தினான். நானும் கத்தினேன். அப்புறம் நான் கோர்ட்டுக்குப் போனேன். தீர்ப்பு வரும்வரை பழைய முறைப்படியே தண்ணீர் எடுக்கலாம் என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது.

அதற்கு அவன் கொடுத்த எதிருரையில் ஒரு வரி இருக்கிறது. பதினான்கு வருஷமாக அது என் தொண்டையில் நிற்கிறது. ‘வாதியின் தாத்தா எங்கள் வம்சத்தில் பிறந்தவரே அல்ல. மாடு மேய்க்க வந்து எங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டில் தங்கியவர். ஆகவே வாதி எங்களுக்குப் பங்காளி அல்ல. கிணற்றில் அவருக்குப் பங்கும் இல்லை.’

படித்த அன்றைக்கு அதை மூன்று தடவை திரும்பப் படித்தேன். கூடப் பிறக்காத தம்பி அவன். என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஸ்கூலுக்கு வந்தவன். அண்ணே அண்ணே என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவன். அன்றிலிருந்து எனக்குக் கிணறுகூட இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது. அவன் வாயாலேயே என்னைப் பங்காளி என்று சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத்தான் ஏழு ஜட்ஜுகள் மாறியும் நான் விடாமல் அலைந்தேன். அலைந்து அலைந்து, உண்மையைச் சொன்னால், எதற்காக அலைகிறேன் என்பதே எனக்கு மரத்துப்போயிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு ஊரிலிருந்து கண்ணையன் போன் பண்ணினார். ஊர்க் காரியங்களை முன்னால் நின்று நடத்தும் மனிதர்.

“அரங்கநாதா, கொளஞ்சியம்மா போயிடுச்சுப்பா. விடியக் காலையில.”

கொளஞ்சியம்மாள் குழந்தைவேலின் அம்மா. எனக்குப் பெரியம்மா முறை.

“குழந்தைவேலு சொல்லச் சொன்னானா?”

“சொல்லச் சொல்லல. சொல்லக் கூடாதுன்னும் சொல்லல. மூணு மணிக்கு எடுக்குறாங்க. வர்றதும் வராததும் உன் பாடு.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்பிகா நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி. முகம் வெளுத்திருந்தது. வீடு முழுக்கக் கல்யாண மூட்டைகள். வருகிற புதன்கிழமை, எங்கள் மகள் பூங்குழலிக்குக் கல்யாணம். முகூர்த்தக்கால் திங்கட்கிழமை ஊன்ற வேண்டும். பங்காளி வீட்டில் சாவு என்றால் பதினாறு நாள் தீட்டு. நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது. பதினாறு நாள் கழித்து என்றால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஆவணிக்குத் தள்ளலாம் என்றால் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. துபாயில் வேலை. இருபதாம் தேதி பிளைட். அடுத்த லீவு ஒன்றரை வருஷம் கழித்து.

பூங்குழலிக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. ஏழு வருஷமாகப் பார்த்தோம். ஒரு இடம் நிச்சயம் வரைக்கும் வந்து, தட்டு மாற்றிய பிறகு கலைந்தது. அதற்கப்புறம் வந்தவர்களெல்லாம் அதைத்தான் முதலில் கேட்டார்கள். இந்த அரியலூர் இடம் அதைக் கேட்கவில்லை. இதுவும் நின்றால் இன்னொரு தடவை அந்தப் பெண்ணைப் புடவை கட்டி உட்கார வைக்க எனக்குத் தெம்பு கிடையாது. அவளுக்கும் கிடையாது.

“நமக்கு ஏதுங்க தீட்டு?” என்றாள் அம்பிகா. “நாம பங்காளி இல்லன்னு அந்த ஆளே கோர்ட்டுல எழுதிக் குடுத்துருக்கான். மாடு மேய்க்க வந்தவன் பேரனுக்கு எங்கேருந்து வருது தீட்டு? வாய மூடிக்கிட்டு இருங்க. புதன்கெழமை கல்யாணத்த முடிங்க.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

பதினான்கு வருஷத்தில், சாப்பிடலாமா வேண்டாமா என்பதைக்கூட வக்கீலைக் கேட்டுச் செய்யும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கிருஷ்ணமூர்த்திக்குப் போன் போட்டேன். மனிதர் உற்சாகமாகிவிட்டார்.

“சார், நம்மகிட்ட பத்திரம் இல்ல, பட்டா இல்ல. ரெண்டு குடும்பமும் ஒண்ணுக்கொண்ணு தீட்டுக் காத்துக்கிட்டு வந்தோம்ங்கறது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. நீங்க மட்டும் கல்யாணத்தத் தள்ளி வெச்சு, போய்ச் சாவுக்கு நீர்மாலைத் தண்ணி எடுத்துட்டீங்கன்னா, ஊரே நமக்குச் சாட்சி. அடுத்த மாசம் கூண்டுல ஏத்தி அந்தாளு மூஞ்சியில கரியப் பூசிடலாம்.”

“கல்யாணத்த நடத்திட்டா?”

“கேஸ மறந்துடுங்க. ஒரே கேள்விதான் கேப்பாங்க. பெரியம்மா செத்த அஞ்சாம் நாளு பொண்ணுக்குத் தாலி கட்ட வெச்சீங்களா இல்லையா? பங்காளி எவனாச்சும் அப்படிச் செய்வானா?”

போனை வைத்த கையோடு அரியலூரிலிருந்து சம்பந்தி கூப்பிட்டார். நல்ல மனிதர். சத்தமே போடாமல் பேசுவார். அவருடைய மைத்துனி, மாப்பிள்ளைக்குச் சித்தி, எங்கள் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அதனால் சேதி எனக்கு வந்த வேகத்திலேயே அவருக்கும் போய்விட்டது.

“ஒரு சாவுன்னு கேள்விப்பட்டோமுங்க. அவுங்க உங்களுக்குப் பங்காளிங்களா?”

“கொஞ்சம் ஊர்ல பேசிட்டுச் சொல்றேனுங்க” என்றேன்.

“சரிங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லிட்டா மண்டபத்துக்காரங்களுக்குச் சொல்லத் தோதா இருக்கும். நீங்க ஆமான்னா தள்ளி வெச்சுருவோம். அப்புறம் நடக்குறது கடவுள் விட்ட வழி. இல்லன்னா இல்ல. உங்க வார்த்ததான்.”

பூங்குழலி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“என்னப் பாக்காதீங்கப்பா” என்றாள். “ஆமான்னாலும் சரி, இல்லன்னாலும் சரி, ஏதாச்சும் ஒண்ண சொல்லுங்க. எனக்கு அலுத்துப்போச்சு.”

அழுதிருந்தால்கூடத் தேவலை.

ஒரு மாலையை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினேன். “பத்து நிமிஷம் நின்னுட்டு வந்துடணும், தண்ணி எடுக்குற நேரத்துல அங்க நிக்கவே கூடாது” என்று அம்பிகா சத்தியம் வாங்கியிருந்தாள். போகாமலே இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியவில்லை. கேஸ் நடந்த இந்தப் பதினான்கு வருஷமும், என் முறை ஆரம்பிப்பதற்கு முந்தின சாயங்காலம் பெரியம்மா கிணற்றடிக்கு வந்து, ஓடிக்கொண்டிருக்கும் மகனுடைய மோட்டாரை ஒரு மணி நேரம் முன்னாலேயே நிறுத்திவிடும். அவன் கத்துவான். “கெணறு ஊறணும்ல, அவன் வெங்காயம் காயுதுல்ல” என்று சொல்லிவிட்டு அது பாட்டுக்கு நடந்துவிடும். என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் குத்தகைக்காரர்தான் சொல்லுவார்.

சாமியானா போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள். மாலையைப் போட்டேன். முகம் சுருங்கிச் சின்னதாக இருந்தது. குழந்தைவேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். முடி முழுக்க நரைத்துவிட்டது. கோர்ட் வராண்டாவில் பதினான்கு வருஷமாகப் பார்க்கிறேன், அவனுக்கு இவ்வளவு வயதாகிவிட்டதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் கை நீட்டவில்லை. அவனும் நீட்டவில்லை.

பத்து நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கால் நகரவில்லை. பின்னால் பெண்கள் கூட்டத்தில் மாப்பிள்ளையின் சித்தி நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டே கால் மணிக்குக் கண்ணையன் குரல் கொடுத்தார். “நீர்மாலைக்கு நேரமாச்சு. பங்காளிங்கல்லாம் வாங்கப்பா.”

இறந்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டுகிற தண்ணீரைப் பங்காளிகள்தான் எடுத்துவர வேண்டும். சட்டையைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு குடத்தோடு கிணற்றுக்குப் போக வேண்டும். ஆள் இருக்கும் வீட்டில் மூன்று குடம், ஐந்து குடம் என்று எடுப்பார்கள். எங்கள் கிளையில் ஆண்கள் அற்றுப்போய்விட்டார்கள். குழந்தைவேலுக்கு இரண்டும் பெண். மிச்சம் இருப்பது அவனும் நானும்தான்.

வாசலில் இரண்டு பித்தளைக் குடங்களை வைத்திருந்தார்கள். குழந்தைவேல் எழுந்து வந்து ஒன்றை எடுத்தான்.

“இன்னொரு குடத்துக்கு யாரு?” என்றார் கண்ணையன். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். “ஒத்தக் குடமா எடுக்கக் கூடாதுப்பா. ஆளு அத்த வூட்டுக்குத்தான் ஒத்தக் குடம். எண்பத்தாறு வயசு வாழ்ந்த மனுசிக்கு அப்படிச் செய்யலாமா? பங்காளி யாரும் இல்லையா?”

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் கேஸை நினைக்கவில்லை. வக்கீலை நினைக்கவில்லை. இந்தக் கிழவிக்கு ஒற்றைக் குடத்தில் தண்ணீர் போகக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. பூங்குழலியின் முகம் வந்தது. வந்தும் என் கை சட்டைப் பொத்தானை அவிழ்த்தது. அப்பன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, போய்க் குனிந்து இரண்டாவது குடத்தின் கழுத்தைப் பிடித்தேன்.

குழந்தைவேலின் கை வந்து என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தது.

“யோவ், வைய்யா கீழ” என்றான்.

ஊருக்கே கேட்கும்படி கத்தினான். “நீ யாரு? நீ யாருய்யா எங்க வூட்டுக் குடத்த எடுக்கறதுக்கு? நீ எங்க பங்காளி கெடையாது. மாடு மேய்க்க வந்தவன் பேரன் நீ. கோர்ட்டுலயே எழுதிக் குடுத்துருக்கேன். இப்ப எங்க அம்மா பொணத்து முன்னால நின்னு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தாளு எங்க பங்காளி இல்ல. இந்தாளுக்கு எங்க வூட்டுத் தீட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

பதினான்கு வருஷத்துக் கோபம் முழுக்கத் தலைக்கு ஏறியது. ஓங்கி அறைந்திருப்பேன். ஆனால் அவன் குடத்தைப் பிடுங்குகிற சாக்கில் என் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். வாயில் வெற்றிலை வாசம். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது.

“அண்ணே” என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. “புள்ள கல்யாணத்த நடத்துண்ணே. போயிடு. சட்டயப் போட்டுக்கிட்டு வெலகி நின்னுக்க.”

அப்புறம் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். கூட்டம் என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டது. “சாவு வூட்டுல கூடவாடா வெவகாரம்” என்று யாரோ திட்டினார்கள். “கல்நெஞ்சுக்காரன், பெத்த தாய் கெடக்கும்போதும் வன்மம் போவுதா பாரு” என்று ஒரு பெண் குழந்தைவேலை ஏசினாள். அவன் எதையும் காதில் வாங்கவில்லை. மற்ற குடத்தைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஒற்றைக் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தான்.

“குழந்தைவேலு, ஊரு பேசும்டா” என்றார் கண்ணையன்.

“பேசட்டும்” என்றான்.

பறைச் சத்தம் முன்னால் போக, அவன் தன்னந்தனியாகக் கிணற்றுப் பாதையில் நடந்தான். நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பொத்தான் கைக்கு அகப்படவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி வேப்பமரத்தடியில் போய் நின்றேன். அழக்கூட எனக்கு வழியில்லை. அசலூர்க்காரன் எவனும் அப்படித் தேம்பி அழ மாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் சித்தி கூட்டத்தை விட்டு விலகி, போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசியது அங்கே வரைக்கும் கேட்டது.

“இல்லியாம் மாமா. பங்காளியே இல்லியாம். ஊரறியச் சொல்லிட்டாங்க. அடிக்காத கொற.”

இருபது நிமிஷம் கழித்து அவன் திரும்பி வந்தான். நாலு பேர் ஒரு வேட்டியை விரித்து நாலு மூலையிலும் தூக்கிப் பிடித்திருக்க, அதன் நிழலில் ஒரே ஆளாக நடந்து வந்தான். தலையிலிருந்து ஈரம் சொட்டியது. குடம் தளும்பி முதுகெல்லாம் நனைந்திருந்தது. கூட்டம் பாதைக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கியது. நானும் மற்றவர்களைப் போல ஒதுங்கி வழி விட்டேன்.

அப்போதுதான் என் சட்டைப் பையில் போன் அடித்தது. சம்பந்தி.

“சார், இப்பதான் சேதி வந்துச்சு. எதுக்கும் உங்க வாயால ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன். தப்பா நெனைக்காதீங்க. அவுங்க உங்களுக்குப் பங்காளி இல்லைங்களே?”

குழந்தைவேல் நாலடி தூரத்தில் வந்துகொண்டிருந்தான்.

“இல்லைங்க” என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். “இல்லைங்க. ஊர்க்காரங்க. தெரிஞ்சவங்க, அவ்வளவுதான்.”

அவன் காதில் அது விழுந்தது. நிற்காமல், என் பக்கம் திரும்பாமல், சரி என்பதுபோல் ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டுக் குடத்தோடு என்னைக் கடந்து போனான்.